வாந்திபேதிக்கு ஒரு மாநாடு

1851 ஜூலை 23 அன்று பாரிஸில் பன்னிரண்டு நாட்டுப் பிரதிநிதிகள் கூடினார்கள். ஊர் விட்டு ஊர் பரவும் நோயை எப்படி நிறுத்துவது என்று அரசாங்கங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. பிளேக், மஞ்சள் காய்ச்சல், காலரா என்று மூன்று விஷயங்கள் அஜெண்டாவில் இருந்தன. நாட்டுக்கு இரண்டு பேர் வீதம் அழைத்திருந்தார்கள். ஒருவர் டாக்டர், இன்னொருவர் வெளியுறவு ஆசாமி. டாக்டர் நோயைப் பற்றிச் சொல்வார், மற்றவர் அதை ஒப்பந்த பாஷையில் எழுதுவார் என்பது ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்கும் தனித்தனி ஓட்டு கொடுத்துத் தொலைத்திருந்தார்கள். டாக்டர் ஆமாம் என்று கை தூக்கினால் பக்கத்து நாற்காலிக்காரர் கிடையாது என்று கை தூக்கலாம். இரண்டையும் கழித்துப் பார்த்தால் அந்த நாட்டின் கருத்து பூஜ்யம். இப்படியே ஆறு மாதம் ஓட்டினார்கள்.

சண்டை எதைப் பற்றி என்றால், காலரா ஆளுக்கு ஆள் தொற்றுமா, தொற்றாதா என்பதைப் பற்றி.

அதற்கு முன்னால் காலரா எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்துவிடலாம். 1817இல் வங்காளத்தில் ஜெஸ்ஸூர் பக்கம் கிளம்பிய வாந்திபேதி, சிப்பாயோடும் வியாபாரியோடும் யாத்ரீகரோடும் நடந்தும் கப்பலேறியும் போய், 1831இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தில் இறங்கியது. மறு வருஷம் பாரிஸ். பிரெஞ்சுப் பிரதமர் காசிமிர் பெரியே, மக்களுக்குத் தைரியம் சொல்வதற்காகக் காலரா ஆஸ்பத்திரிக்கு நேரில் போய்ப் படுக்கை படுக்கையாக விசாரித்தார். சில வாரங்களில் அவரும் காலராவில் போய்ச் சேர்ந்தார். அரசாங்கம் மேற்பார்வையிடப் போனால் நோய் பயந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த ஊரிலும் இருந்திருக்கிறது.

அப்போது கைவசம் இருந்த ஒரே ஆயுதம் குவாரண்டைன். பிளேக் காலத்துப் பழைய சரக்கு. கப்பலை ஓரமாக நிறுத்தி, வந்தவர்களை மதில் கட்டிய விடுதிக்குள் தள்ளிப் பூட்டிவிடுவார்கள். அறை வாடகை, சாப்பாடு, நம்மைத் தப்பிக்க விடாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரரின் கூலி எல்லாம் நம் செலவு. அடைபட்டவனே ஜெயிலருக்குச் சம்பளம் கொடுக்கும் அற்புதமான ஏற்பாடு.

ஆளைவிடக் கடிதத்துக்குத்தான் அதிக மரியாதை நடந்தது. ஊழியர் நீளமான இடுக்கியால் கடிதத்தை வாங்குவார். உளி போன்ற ஒரு கருவியால் அங்கங்கே குத்திக் கிழிப்பார். பிறகு ஒரு பாத்திரத்தில் இருக்கும் வினிகரில் முக்கி எடுப்பார், அல்லது கம்பி வலையில் வைத்துக் கந்தகப் புகை காட்டுவார். புளித்த வாடையோடு, நாலு ஓட்டையோடு, மை கலங்கிய நிலையில் கடிதம் விலாசதாரர் கைக்குப் போகும். இதனால் நின்றுபோன கல்யாணங்களுக்கு எந்த மாநாடும் கணக்கு எடுக்கவில்லை. கடிதத்தை இத்தனை அக்கறையாகக் கழுவியவர்கள், அதே விடுதியில் எல்லோரும் எந்தத் தொட்டித் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

(குவாரண்டைனைப் பற்றி நமக்கும் கொஞ்சம் தெரியும். சிலோன் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்களை, காலராவும் பிளேக்கும் கூடவே வந்துவிடக் கூடாதென்று மண்டபத்தில் அடைத்து வைத்துத்தான் அந்தத் தீவின் அரசாங்கம் கப்பலேற்றியது. இந்தக் கரையில் அந்தக் கரை சர்க்காரின் முகாம். மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையப் பெயரிலேயே அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

பாரிஸுக்குத் திரும்புவோம். மத்தியதரைக்கடல் நாடுகளில் குவாரண்டைன் விடுதி இருந்தது, அதில் உத்தியோகம் இருந்தது, கட்டணம் இருந்தது. அந்நாட்டு டாக்டர்கள் ஆராய்ந்து பார்த்ததில் காலரா தொற்றுநோய் என்று தெரியவந்தது. பிரிட்டனுக்குக் கப்பல்கள் இருந்தன. கப்பல் துறைமுகத்தில் பத்து நாள் சும்மா நின்றால் முதலாளிக்கு வயிறு எரியும். பிரிட்டிஷ் டாக்டர்கள் ஆராய்ந்து பார்த்ததில் காலரா தொற்றாது, சாக்கடை நாற்றத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரியவந்தது. பிரிட்டனின் டாக்டர் சதர்லாந்தும் ஆஸ்திரிய டாக்டர் மேனிஸும் குவாரண்டைன் காலராவுக்குச் சுத்த வீண் வேலை என்று சாதித்தார்கள். இவர்கள் யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. தன் நாட்டுக் கஜானாவுக்கு எது நல்லதோ அதையே மனசார நம்பும் வரம் இவர்களுக்கு இருந்தது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், நாற்றக் கட்சிக்காரர்கள்தான் ஊரைச் சுத்தம் பண்ணினார்கள். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி, பாராளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியாமல் போனது. உடனே லண்டனுக்குப் பாதாளச் சாக்கடை கட்டப் பணம் கிடைத்தது. காரணம் தப்பு, வேலை சரி.

மாநாட்டின் பலனாக 137 ஷரத்துகள் கொண்ட விதிமுறை தயாரானது. பன்னிரண்டு நாடுகளில் மூன்று மட்டும் அதை ஏற்றன: பிரான்ஸ், போர்ச்சுகல், சார்டீனியா. அதில் இரண்டு 1865இல் கழன்றுகொண்டன. மிச்சம் பிரான்ஸ் மட்டும். சர்வதேச ஒப்பந்தம் ஒன்றைத் தனக்குத்தானே போட்டுக்கொண்ட பெருமை அந்த நாட்டுக்கு உண்டு.

இதற்கிடையில், மாநாட்டுக்கு யாரும் கூப்பிடாத இரண்டு பேர் வேலையை முடித்துவிட்டார்கள். 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய், யார் வீட்டில் சாவு, அவர்கள் எந்தக் குழாய்த் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டு எழுதி, பிராட் தெரு அடிபம்பில் வந்து நின்றார். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதே வருஷம் ஃப்ளாரன்ஸில் ஃபிலிப்போ பச்சினி, செத்தவர்களின் குடலை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, துடிதுடிக்கும் கிருமியைக் கண்டு எழுதியும் வைத்தார். ஒருவர் வழியைக் கண்டுபிடித்தார், மற்றவர் ஆளைக் கண்டுபிடித்தார். ஸ்னோ சொன்னதை லண்டன் அதிகாரிகள் மறு வருஷமே நிராகரித்தார்கள். பச்சினி சொன்னதை நிராகரிக்கக்கூட யாரும் படிக்கவில்லை. கிருமியின் பெயரோடு அவர் பெயரை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது 1965இல். நூற்றுப் பதினோரு வருஷம் கழித்து. நம் ஊர் பென்ஷன் ஃபைல்களைக் குறை சொல்கிறோம்.

1859இல் பாரிஸில் இரண்டாவது மாநாடு. போன தடவை டாக்டர்கள்தான் விவாதம் பண்ணிக் கெடுத்தார்கள் என்று இந்தத் தடவை டாக்டர்களையே கூப்பிடவில்லை. நோய் மாநாட்டில் வைத்தியர் இல்லை. வெளியுறவுக்காரர்கள் மட்டும் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தார்கள். நடுவில், மாநாடு நடத்திய பிரான்ஸும் விருந்துக்கு வந்த ஆஸ்திரியாவும் இத்தாலியில் யுத்தம் போட்டுக்கொண்டன. சுகாதார உடன்பாட்டுக்கு மேஜையில் மை தயாராக இருந்தபோது, சோல்ஃபெரினோவில் இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் ஆயிரக்கணக்கில் விழுந்துகொண்டிருந்தார்கள். அந்த மாநாட்டில் எழுதியதையும் எவரும் அமல்படுத்தவில்லை.

1865இல் மக்காவில் ஹஜ் சமயத்தில் காலரா வந்து பல்லாயிரம் யாத்ரீகர்கள் இறந்தார்கள். நீராவிக் கப்பல் வந்துவிட்டிருந்ததால் உயிரோடு திரும்பியவர்கள் சீக்கிரமே சூயஸுக்கும் அலெக்சாண்ட்ரியாவுக்கும் வந்துவிட்டார்கள், அங்கிருந்து காலரா ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போய்விட்டது. ஐரோப்பா அலறியடித்துக்கொண்டு மறு வருஷம் கான்ஸ்டான்டிநோபிளில் கூடியது. ஏழு மாதம். ஹஜ் முடித்தவர்களைக் கப்பலேற்றாமல் பாலைவனம் வழியாக நடக்கவிடலாம் என்று பிரான்ஸ் யோசனை சொன்னது. வழியில் நோயாளிகள் செத்துவிடுவார்கள், மிஞ்சியவர் மட்டும் ஊர் வந்து சேர்வார் என்பதைச் சபை நாகரிகமான சொற்களில் விவாதித்தது. நடக்கப் போகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இந்த மாநாட்டில் மூளை வேலை செய்தது. காலரா மனிதர்களோடு பயணம் போகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அது இந்தியாவிலிருந்து வருகிறது, கங்கைக் கரைதான் அதன் தாய்வீடு என்பதிலும் சபை ஒரே குரல். குற்றவாளியின் விலாசம் கிடைத்தால் எப்பேர்ப்பட்ட சபையிலும் ஒற்றுமை வந்துவிடும். சரி, மனிதனிலிருந்து மனிதனுக்கு எப்படிப் போகிறது? முக்கியமாகக் காற்று வழியாக என்று தீர்மானம் போட்டார்கள். தண்ணீருக்கும் ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள். ஸ்னோ இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்குக் கோபம் வர வாய்ப்பில்லை.

விலாசம் இந்தியா என்றானதும் இந்தியாவை ஆண்டவர்களுக்குத் தர்மசங்கடம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதில் போன கப்பல்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் கப்பல்கள். காலரா இந்தியக் கப்பலில் வருகிறது என்று ஒப்புக்கொண்டால் பம்பாயிலிருந்து கிளம்பும் பஞ்சு மூட்டை முழுக்கக் கால்வாய் வாசலில் காய்ந்துகொண்டு நிற்கும். நல்லவேளையாக, இந்திய சர்க்காரின் புள்ளிவிவர அதிகாரி ஜேம்ஸ் பிரைடன் அதே 1869இல் ஒரு பெரிய அறிக்கை கொண்டுவந்தார். காலராவை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவது பருவக்காற்று என்றார். இதைவிடச் சௌகரியமான விஞ்ஞானம் உண்டா? கப்பலை நிறுத்தலாம், ரயிலை நிறுத்தலாம், தென்மேற்குப் பருவக்காற்றுக்கு எந்தத் துறைமுகத்தில் குவாரண்டைன் போடுவது? சுகாதார கமிஷனராக இருந்த கன்னிங்ஹாமும் காலரா ஆள் மூலம் பரவுவதில்லை என்று கடைசிவரை சாதித்தார். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டே தண்ணீர்தான் காரணம் என்று அடம்பிடித்தவர்களில் ஒருவர் மதராஸ் மாகாணச் சுகாதார கமிஷனர் ஃபர்னெல். 1887இல் காலராவையும் தண்ணீரையும் பற்றி ஒரு புத்தகமே போட்டார். கல்கத்தாவில் இருந்த இந்திய சர்க்கார் மேலதிகாரிகள் அதை எவ்வளவு ரசித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

1874இல் வியன்னாவில் நாலாவது மாநாடு. கூடினார்கள், முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னார்கள், கலைந்தார்கள். 1881இல் வாஷிங்டனில் ஐந்தாவது. அதில் ஹவானாவிலிருந்து வந்த கார்லோஸ் ஃபின்லே என்ற டாக்டர் எழுந்து, மஞ்சள் காய்ச்சல் நோயாளியிலிருந்து நேராக இன்னொருவருக்குப் போவதில்லை, நடுவில் ஏதோ ஒன்று கொண்டுபோய்க் கொடுக்கிறது என்றார். சபை கேட்டுக்கொண்டது, அடுத்த விஷயத்துக்குப் போனது. அதே வருஷம் ஆகஸ்டில் ஹவானாவில் அந்த ஏதோ ஒன்று கொசு என்று பெயரையே சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் குழு 1900இல் அதை நிரூபித்தது. இந்த வரிசையில் மொத்தம் நடந்த பதினான்கு மாநாடுகளிலும் சேர்த்து உருப்படியான வாக்கியங்களை எண்ணினால் ஃபின்லே சொன்னது முதல் வரிசையில் வரும். கைதட்டல் கணக்கில் கடைசி வரிசை.

இனிமேல்தான் கதை சூடு பிடிக்கிறது. 1883இல் எகிப்தில் காலரா. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் ஆளுக்கொரு ஆராய்ச்சிக் குழுவை அலெக்சாண்ட்ரியாவுக்கு விரட்டினார்கள். பிரெஞ்சுக் குழு பாஸ்டர் அனுப்பியது, ஜெர்மன் குழுவுக்குத் தலைவர் ராபர்ட் கோக். 1870 யுத்தத்தில் பிரான்ஸ் தோற்றதிலிருந்து இரு தரப்புக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கௌரவ டாக்டர் பட்டத்தையே கோபத்தில் திருப்பி அனுப்பியவர் பாஸ்டர். போட்டியில் யார் முந்துவது என்று இருந்த நேரத்தில் காலரா சத்தமில்லாமல் ஓய்ந்துவிட்டது. ஆராய்ச்சிக்குப் பிணம் கிடைக்கவில்லை. ஊர் நிம்மதியாக மூச்சு விட, விஞ்ஞானிகள் மட்டும் கவலையில் இருந்தார்கள்.

ஓயும் நேரத்தில் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியை அது கொண்டுபோனது. லூயி துய்யே, 27 வயது. கோக் தன் குழுவோடு வந்து மலர்வளையம் வைத்து, சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். இந்த நாற்பது வருஷக் கூத்தில் நான் கிண்டல் பண்ண விரும்பாத இடம் இது ஒன்றுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்குத் திரும்ப, கோக் நோயின் தாய்வீட்டுக்கே புறப்பட்டார். 1883 டிசம்பரில் கல்கத்தா. மறு வருஷத் தொடக்கத்திலேயே கமா போல வளைந்த கிருமியைத் தனியாகப் பிரித்தெடுத்தார். ஒரு குளத்தைச் சுற்றி வரிசையாகக் காலரா சாவு. குளத்தில் காலரா நோயாளியின் துணியைத் துவைக்கிறார்கள், குளிக்கிறார்கள், அதே படியில் குடத்தை முக்கி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். கோக் குளத்து நீரை எடுத்துப் பார்த்தார், கமாக்கள் நீந்திக்கொண்டிருந்தன. ஜெர்மனி திரும்பியதும் அவருக்கு ஒரு லட்சம் மார்க் பரிசு.

லண்டனுக்குத் தூக்கம் போனது. தன் ஆட்சியில், தன் இந்தியத் தலைநகரான கல்கத்தாவில், ஒரு ஜெர்மன்காரர் வந்து குளத்துக்குள் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். உடனே க்ளைன் என்ற நிபுணரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவரும் குளங்களைப் பார்த்தார். கிருமி இருக்கும் குளத்துத் தண்ணீரைக் குடித்தும் எத்தனையோ பேர் சௌக்கியமாக இருக்கிறார்களே என்றார். தானே சில கமாக்களை விழுங்கியும் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. பிறகு லண்டனில் பெரிய டாக்டர்களைக் கூட்டிக் குழு போட்டு, கோக்கின் கோட்பாட்டுக்கு அதிகாரபூர்வ மறுப்பு என்று தலைப்பிலேயே போட்டு அச்சிட்டார்கள். மறுப்பு என்று போட்டால் போதாதா? அதிகாரபூர்வம் என்று முத்திரை குத்தினால் கிருமி மைக்ராஸ்கோப்பைவிட்டு எழுந்து போய்விடும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.

1885 மே மாதம் ரோமில் ஆறாவது மாநாடு. கோக்கே நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். உலகத்தில் காலராவின் காரணம் தெரிந்த ஒரே மனிதர் அறையில் இருக்கிறார். பிரிட்டிஷ் தரப்பு என்ன செய்தது தெரியுமா? காலராவின் காரணத்தைப் பற்றிய சித்தாந்த விவாதம் எதுவும் இங்கே கூடாது என்று தடுத்து, அதில் ஜெயித்தும் விட்டது. ஜாதகப் பொருத்தம் பார்க்கக் கூடிவிட்டு, மாப்பிள்ளை யார் என்று யாரும் கேட்கக் கூடாது என்று சொன்ன மாதிரி. மூன்று வாரம் பேசி, நவம்பரில் தொடரலாம் என்று ஒத்திவைத்தார்கள். நவம்பர் வந்தது. மாநாடு வரவில்லை.

ஒருவழியாக 1892 ஜனவரியில் வெனிஸில் காரியம் நடந்தது. சூயஸ் கால்வாய் வழியாக மேற்கே வரும் கப்பல்களை எப்படிச் சோதிப்பது என்று ஓர் ஒப்பந்தம். நாற்பத்தோரு வருஷத்தில் நிஜமாகவே அமலுக்கு வந்த முதல் சுகாதார ஒப்பந்தம் அதுதான். பிரிட்டனும் கையெழுத்துப் போட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று.

அந்த வருஷம் காலரா சூயஸ் பக்கமே வரவில்லை. ஆப்கானிஸ்தான், பாரசீகம், ருஷ்யா என்று தரைமார்க்கமாக நடந்து வந்து ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இறங்கியது. ஹாம்பர்க் பெரிய துறைமுகம், வியாபாரிகள் ஆளும் ஊர். எல்பே நதித் தண்ணீரை வடிகட்டாமல் குழாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள், வடிகட்ட ஆகும் செலவை வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தார்கள். முதல் நோயாளிகள் செத்த பிறகும் ஒரு வாரம் போல விஷயத்தை வெளியே விடவில்லை. அதற்குள் ஊரில் நோயில்லை என்ற சான்றிதழோடு அமெரிக்காவுக்குக் கப்பல் போய்விட்டது. கப்பலோடு காலராவும் போனது. ஆறே வாரத்தில் ஹாம்பர்க்கில் 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்து ஊர் அல்டோனா அதே நதித் தண்ணீரை மணலில் வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தது, அங்கே நோய் லேசாகத் தொட்டுவிட்டுப் போனது. இரண்டு ஊருக்கும் எல்லையாக இருந்த தெருவில் எந்தக் குழாய் எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்த்தே சாவைச் சொல்லிவிடலாம் என்ற நிலை. காலராவே வந்து ஸ்னோவின் ஆராய்ச்சியை இன்னொரு தடவை, பெரிய எழுத்தில் எழுதிக் காட்டியது. மறு வருஷம் டிரெஸ்டனில் கூடி, ஒரு நாட்டில் காலரா வந்தால் மற்ற நாடுகளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மியூனிக்கில் ஒரு பெரியவர் மசியவில்லை. மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், வயது 73, சுகாதாரத் துறையின் பீஷ்மர். கிருமி என்பது எக்ஸ், ஊரின் மண் ஒய், இரண்டும் சேர்ந்து மண்ணுக்குள் பக்குவமானால்தான் இசட் என்ற காலரா விஷம் உண்டாகும் என்று இயற்கணிதம் போட்டு வைத்திருந்தவர். வெறும் கிருமியால் ஒன்றும் ஆகாது என்பது அவர் கட்சி. கோக்கின் பழைய சகா காஃப்கியிடமிருந்தே காலராக் கிருமி வளர்த்த ரசத்தைத் தருவித்தார். 1892 அக்டோபர் 7 அன்று, வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று பிறகு எவரும் சொல்லக் கூடாதென்று சோடா உப்பைக் கலந்துகொண்டு, சாட்சிகளுக்கு முன்னால் மடக்கென்று குடித்தார். இரண்டொரு நாளில் வயிறு கடமுடா என்றது. பிறகு சில நாள் பேதி. மருந்து எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். மலத்தைச் சோதித்தபோது கமாக்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. காஃப்கி, கேட்டவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று ஊகித்து வீரியம் குறைந்த ரகமாகப் பார்த்து அனுப்பினார் என்று ஒரு பேச்சும் உண்டு.

பத்து நாள் கழித்து அவருடைய சீடர் எம்மெரிக்கும் குடித்தார். குருவைவிட நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். இது சாதாரண பேதி, ஆசியக் காலரா இல்லை, அதற்கு மண் ஒத்துழைக்க வேண்டும், மியூனிக் மண் இப்போது சுத்தமாக இருக்கிறது என்று பெரியவர் எழுதினார். மியூனிக் சுத்தமாக இருந்தது என்னவோ நிஜம். மலைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரச் சொல்லியும், சாக்கடை வெட்டச் சொல்லியும், வருஷக்கணக்காக நகரசபையின் பிராணனை வாங்கி அதைச் சுத்தம் பண்ண வைத்தவரே அவர்தான்.